சிவப்பு விளக்கும் சிவப்பு எச்சரிக்கையும்

அரபிக் கடலின் மேல் கருமுகில்கள் திரளத் தொடங்கிவிட்டால், மும்பை மாநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடைபெறும். ஒன்று, பரண்மேல் கிடக்கும் தார்ப்பாயை இறக்கி, எலி கடித்த இடங்களைத் தைத்துக் கூரையின்மீது விரிப்பது. மற்றொன்று, வானிலை அறிக்கையைப் பரிகசிப்பது. தார்ப்பாயையாவது சிலர் மறந்துவிடுவார்கள். பரிகாசத்தை எவரும் மறப்பதில்லை.

இப்பரிகாசம் ஊரிலிருந்தே நாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்த சொத்து. சென்னை வானிலை நிலையத்தின் திரு. ரமணன் அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றிவந்த காலத்தில், அவர் "கனமழை" என்று கூறினால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படலாம் என்று வேடிக்கை பேசாத தமிழர் அரியர். பள்ளிப் பிள்ளைகளுக்கோ அவர் குலதெய்வம். அவர் வாய் திறந்தால் விடுமுறை. 2016-ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றபோது மெய்யாகவே வருந்தியவர்கள் அப்பிள்ளைகள்தாம் என்று நினைக்கிறோம். ஒரு மனிதர் நாள்தோறும் நம் கண்முன் வந்து, நாளைய தினத்தைப் பற்றித் தம் பெயரைப் பணயம் வைத்துப் பேசினார். அவரை நாம் சோதிடரோடு சேர்த்து எண்ணினோம். இத்தனைக்கும், பஞ்சாங்கத்தில் "இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை" என்று அச்சிட்டிருப்பதை ஆண்டு முடிவில் எவரேனும் அளந்து பார்த்ததுண்டா? பஞ்சாங்கத்திற்கு நம்மிடம் உள்ள சலுகை அரசாங்க இலாகாவிற்குக் கிடையாது.

இங்கே மும்பையிலும் கதை அதுதான். மாலையில் "சிவப்பு எச்சரிக்கை" என்று கைபேசிகள் அலறும். இரவு பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார்கள். காலையில் எழுந்து பார்த்தால், சலவை செய்த வேட்டிபோல் வெயில் விரிந்து கிடக்கும். பிள்ளைகள் சந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். அன்று முழுவதும் வீட்டிலும் வீதியிலும் வானிலை இலாகாவிற்கு நடக்கும் அர்ச்சனையை எழுத்தில் வடிக்க இப்பத்திரிகையின் ஆசிரியர் அனுமதிக்கமாட்டார்.

நாம் புறநகர் நிலையம் ஒன்றில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர். பத்தாம் வகுப்பில் தேறியதோடு நம் கல்வி முற்றுப்பெற்றது; வானிலை நூல் பயின்றவர் அல்லோம். ஆயினும், சாளரத்தின் பின்னே அமர்ந்து பல மழைக்காலங்களைக் கண்டவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில், சாளரத்தின் முன் நிற்கும் வரிசை குறைந்து நாம் கண்டதில்லை. வரிசையில் நிற்பவர் எவரும் "இன்று மழை வருமா?" என்று கேட்பதில்லை. "வண்டி ஓடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கேள்வி ஒன்றே. எச்சரிக்கை அவர்களுக்குத் தெரியும். சிலர் அதைக் கைபேசியில் நமக்குக் காட்டிவிட்டே சீட்டு வாங்குகிறார்கள். அறியாமையால் எச்சரிக்கையை மதியாதிருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுவதைப் படிக்கும்போது, அவ்வாறு எழுதுவோர் ஒரு நாளேனும் நம் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்க்கலாகாதா என்று தோன்றும்.

முதலில் இலாகாவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1864-இல் கல்கத்தாவைப் பாழாக்கிய புயலும், அதன்பின் பருவமழை பொய்த்து வந்த பஞ்சமும் அதற்குக் காரணங்கள். அத்துறையின் பாஷையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு; அந்த அளவுதான் நமக்குத் தெரியாது. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் "கனமழை". 115.6-ஐ எட்டினால் "மிகக் கனமழை". 204.4-ஐத் தாண்டினால் "அதிகனமழை". "ஓரிரு இடங்களில்" என்பதைக் கேட்டு நாம் சிரிக்கிறோமே, அதுவும் ஒரு கணக்குத்தான். அப்பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து வரையில் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். எஞ்சிய எழுபத்தைந்தில் வெயில் அடித்தாலும் அறிக்கை பொய்யாகிவிடாது. நம் சந்து எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதை மட்டும் அறிக்கை சொல்வதில்லை. நாம் அறிய விரும்புவதோ அது ஒன்றைத்தான்.

இதற்கு மேலான சான்று வேண்டுமானால் 2005 ஜூலை 26-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணிவரை சாந்தாகுரூசில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நகரின் தென்முனையாகிய கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர். கொலாபாவில் குடை பிடித்து நடந்தவர், வடக்கே மனிதர்கள் மூழ்கிக்கொண்டிருப்பதை அறியார். நமக்கு அப்போது வயது பதினைந்து. மித்தி ஆறு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. அதுவரை அதைச் சாக்கடை என்றே எண்ணியிருந்தோம். நம் தந்தையார் தண்டவாளத்தின் வழியாகவே நடந்து மறுநாள் விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தார். செருப்பு இல்லை. சோற்றுத் தூக்கை மட்டும் விடாமல் கையில் பிடித்திருந்தார். மாநகரில் மட்டும் அன்று நானூறு பேருக்கு மேல் மாண்டனர். இத்தகைய மேகத்தை முன்கூட்டிக் காட்டக்கூடிய டாப்ளர் ரேடார் அந்நாளில் மும்பையில் இல்லை. அதற்குப் பிறகே வந்தது.

இனி, எச்சரிக்கை வந்தும் நம்பாத கதையைச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 3 அன்று "நிசர்கா" என்ற புயல் மும்பையை நோக்கி வருகிறது என்று அறிவித்தார்கள். கொரோனா நோய்க் காலம். ஏற்கெனவே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாம் சன்னலையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புயல் அலிபாகுக்குத் தெற்கே கரையேறிற்று. ராய்கட், ரத்னகிரி மாவட்டங்களில் தென்னையும் பாக்கும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. மும்பையில் சில மரங்கள் விழுந்ததோடு சரி. மாலையிலேயே சிரிப்பு ஆரம்பமாகிவிட்டது. "இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டவர்கள், ஸ்ரீவர்தனில் தோட்டத்தை இழந்தவரிடம் அக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு முன் சொல்லும் அறிவிப்பில், புயலின் இருப்பிடம் சராசரியாக எழுபது, எண்பது கிலோமீட்டர் வரையில் பிசகக்கூடும் என்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் அப்பிசகு ஏறக்குறைய இதைப்போல் இருமடங்கு. கடலின்மேல் நேர்க்கோடு இழுத்து அளந்தால், மும்பைக்கும் அலிபாகுக்கும் இடையே அந்த எண்பது கிலோமீட்டரில் பாதிகூட இல்லை. அந்தச் சிறு இடைவெளியைத்தான் நாம் "பொய்" என்று பெயரிட்டு அழைத்தோம்.

ஓராண்டுகூட நிறையவில்லை. 2021 மே மாதத்தில் "டவ்தே" வந்தது. அது மும்பையில் கரையேறவில்லை. கடலோடு கடலாக வடக்கே குஜராத்தை நோக்கிச் சென்றது. ஆயினும் மே 17 அன்று கொலாபாவில் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிற்று. கோடைமாதம் என்பதையும் பாராமல் சாந்தாகுரூசில் 230 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. அன்றுதான் நடுக்கடலில், எண்ணெய்க் கிணறுகளின் அருகே நங்கூரமிட்டிருந்த "பி-305" என்னும் தங்கு மிதவை நங்கூரம் அறுந்து அலைக்கழிந்து மூழ்கியது. அதில் இருந்தவர் 261 பேர். கடற்படையினர் உயிரைத் திரணமாக மதித்து 180-க்கு மேற்பட்டோரை மீட்டனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. மிதவையில் இருந்தவர்கள் பற்றவைப்பவரும், குழாய் பொருத்துவோரும், சமையற்காரரும். கரைக்குத் திரும்புவதா இல்லையா என்பது அவர்கள் தீர்மானிக்கும் காரியமன்று. எச்சரிக்கையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் அவர்கள் இருந்திருக்கக்கூடிய இடம் அதுவே. இதை வாசக அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிறகு இதற்கு வருவோம்.

இப்போது நம் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். இருப்புப் பாதையிலும் சிவப்பு உண்டு. நாள் ஒன்றுக்கு எத்தனையோ முறை வண்டி சிவப்பு விளக்கின் முன் நிற்கிறது. எட்டிப் பார்த்தால் முன்னே ஒன்றும் இராது. ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்துப் பச்சை விழும், வண்டி போகும். "பார்த்தீர்களா, முன்னே வண்டியே இல்லை, விளக்கு பொய் சொல்லிவிட்டது" என்று எந்த ஓட்டுநரும் சொல்வதில்லை. பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் மறுநாள் சிவப்பு விளக்கைக் கடந்து ஓட்டும்படி எவரும் கேட்பதில்லை. சிவப்பு விளக்கு "முன்னே விபத்து நிச்சயம்" என்று கூறவில்லை. "முன்னே என்ன இருக்கிறது என்பது இன்னும் உறுதிப்படவில்லை, நில்" என்றுதான் கூறுகிறது. வானிலையாரின் சிவப்பும் அதைத்தான் கூறுகிறது. ஒன்றுக்குக் கட்டுப்படுகிறோம், மற்றொன்றைக் கண்டு சிரிக்கிறோம்.

கொங்கண் வழியாக ஊருக்குச் செல்வோருக்கு இன்னும் நன்றாக விளங்கும். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கென்று அப்பாதையில் தனிக் கால அட்டவணை உண்டு. ஜூன் முதல் அக்டோபர் வரை வண்டிகள் வேகம் குறைந்து, நெடுநேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு செல்லும். இரவெல்லாம் ரோந்து ஆட்கள் கைவிளக்கோடு மலை வெட்டுக்களின் ஓரமாக நடந்துகொண்டிருப்பார்கள். 2003 ஜூன் 22 இரவு வைபவ்வாடிக்கு அருகில் பாதைமேல் உருண்டு கிடந்த பாறைகளில் மோதி ஒரு விரைவு வண்டி கவிழ்ந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்தனர். மறு ஆண்டிலும் அதே மாதத்தில் இன்னொரு விபத்து நேர்ந்தது. அதன்பின் மழைக்கால வேகம் மேலும் குறைக்கப்பட்டது. நான்கு மாதத்தில் எத்தனை இரவு பாறை உருண்டது, எத்தனை இரவு உருளவில்லை என்று எந்தப் பயணியும் கணக்குக் கேட்டு வழக்காடியதில்லை. தாமதம் அட்டவணையிலேயே அச்சாகிவிட்டது; ஆதலால் அது எவருடைய பிழையும் அன்று.

பாம்பன் பழைய பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும். நிலைய அதிபரும் சரி, அமைச்சரும் சரி, "பரவாயில்லை, போ" என்று சொல்ல இயலாது. அப்பாலம் 2022-இல் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அத்தகைய ஏற்பாட்டின் அருமை, தனுஷ்கோடியை நினைத்தால் தெரியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் எழுந்து அதை வாரிக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நம் இலாகாவில் பணிபுரியும் தமிழர் எவரும் அவ்விரவைப் பற்றிக் கேள்விப்படாமல் இருந்திருக்கமாட்டார். நம் தந்தையார் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஆக, நிற்பதற்குப் பழக்கப்பட்ட மக்கள்தாம் நாம். அப்படியிருக்க வானிலையாரின் சிவப்பு மட்டும் ஏன் செல்லாக்காசாயிற்று? நம் அபிப்பிராயத்தில் காரணம் ஒன்றே. சிக்னலில் வண்டி நின்றால் ஓட்டுநரின் சம்பளம் குறைவதில்லை. மழை எச்சரிக்கைக்கு மதிப்புக் கொடுத்து வீட்டில் நின்றுவிடும் மனிதனுக்கு அன்றைய கூலி இல்லை.

தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்கும் நம்மவரை எல்லாரும் அறிவீர்கள். ரப்பர் ஊதலை அமுக்கிக்கொண்டு அவர்கள் வரும் ஓசையில்தான் இந்நகரின் பாதிப்பேர் விழித்தெழுகிறார்கள். நம் வீட்டுக்கு நான்கு வாசல் தள்ளி அத்தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்தவர், அறுபதைத் தாண்டியவர். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, எச்சரிக்கை வந்திருக்கிறது, நாளை போகவேண்டாம் என்று நாம் அவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, பரிகசிக்கவும் இல்லை. மாவுப் பாத்திரத்தைத் திறந்து காட்டினார்.

"தம்பி, மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஆட்டியாச்சு. உங்க எச்சரிக்கை சாயங்காலம்லா வருது? நாளைக்கு நான் போகலன்னா இது புளிச்சுப் போயிரும். மழை வரும்னு சொல்லுதவங்க பொய் சொல்லுதாங்கன்னு நான் சொல்லல. வந்தாலும் வரும். ஆனா இந்த மாவுக்கு அவங்களா பதில் சொல்லப் போறாங்க?"

நம்மிடம் மறுமொழி இல்லை. மறுநாள் நமக்கு வேலை இருந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சம்பளமும் இருந்தது. அவருக்குச் சொன்ன புத்திமதிக்கு நம் பையிலிருந்து ஒரு காசும் செலவாகவில்லை. அண்ணாச்சி நான்கு மணிக்குப் புறப்பட்டுப் போனார். அவர் அறிக்கையை நம்பவில்லை என்று சொன்னால் தவறு. நம்பினார், நம்பியும் போனார். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இதற்கு நேர்மாறான காட்சியைச் சென்னையில் 2024 அக்டோபரில் கண்டோம். பெருமழை வரப்போகிறது என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசை வரிசையாகக் கார்கள் ஏறி நின்றன. 15-ஆம் தேதி மழை கொட்டிற்று. சிவப்பு எச்சரிக்கை இருந்த 16-ஆம் தேதி எதிர்பார்த்த அளவு பெய்யவில்லை. வழக்கம்போல் கேலி நடந்தது. ஆனால் 2015-இலும் 2023-இலும் காரை வெள்ளத்தில் பறிகொடுத்தவன், கேலியைப் பொருட்படுத்தாமல் முன்னெச்சரிக்கையாக மேலே ஏற்றிவிட்டான். காருக்கு மேம்பாலம் கிடைத்தது. மலைச்சரிவில் குடிசை போட்டவனுக்கு எந்த மேம்பாலம் கிடைக்கும்? மும்பையில் ஆண்டுதோறும் மழைக்கு முன் சரிவுகளில் குடியிருப்போருக்கு அறிவிப்பு வரும்: பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள் என்று. அந்த இடம் எங்கே என்பது பற்றி மக்கள் அறிந்தது அதிகமில்லை. 2019 ஜூலையில் மலாடில் மதில் சரிந்தது. 2021 ஜூலை 18 விடியுமுன் செம்பூர் பாரத் நகரில் மதில் இடிந்து குடிசைகளின்மேல் விழுந்ததில் 19 பேர் மாண்டார்கள். அங்கெல்லாம் இருந்தவர்கள் மழையின் தன்மையை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள். தம் வீட்டின் பின்சுவரில் நீர் கசிவதை ஒவ்வோர் இரவும் தொட்டுப் பார்த்தவர்கள்.

எச்சரிப்பவரை மக்கள் நம்பாதிருப்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வந்த "ஒக்கி" புயலைக் கன்னியாகுமரிக் கடற்கரை மறக்காது. அது இலங்கைக்கு அருகே உருவாகி மிகக் குறுகிய நேரத்தில் பலத்துவிட்டது. நவம்பர் 30 அன்று அதைப் புயல் என்று அறிவித்தபோது, ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் வாசிக்கப்படும் அறிக்கை அங்கே யாருக்குக் கேட்கும்? தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போயினர். காற்றோடு போராடிய படகுகள் பல லட்சத்தீவுக்கும், நம் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரைக்கும் வந்து ஒதுங்கின. "கடலுக்குப் போகாதே" என்ற எச்சரிக்கையை ஆண்டு முழுவதும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்களுக்கு, வேண்டிய நாளில் அது வேண்டிய நேரத்திற்குள் வந்து சேரவில்லை.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் பதினோரு எண்கள் உண்டு. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் அபாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். பதினொன்று என்னவென்று நம்மவர் பலர் அறியார். எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள். அதாவது, இனிச் சொல்வதற்கு எவரும் இல்லை. எவர் வகுத்தாரோ, அவரைப் பாராட்ட வேண்டும். பத்தாம் எண்ணைவிடக் கொடியது எது என்பதை அறிந்து வகுத்திருக்கிறார்.

நம்பிக்கை பிறந்த இடமும் நாட்டில் இல்லாமல் இல்லை. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறையப் பதினாயிரம் பேர் மாண்டனர். அப்போதும் எச்சரிக்கை இருந்தது. ஆனால் போவதற்குப் புகலிடங்கள் மிகச் சிலவே இருந்தன. 2013 அக்டோபரில் "பைலின்" வந்தபோது பத்து லட்சத்திற்கு அருகில் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். இறப்பு பத்துக்கணக்கோடு நின்றது. 2019 மே 3-இல் "ஃபனி" பூரியில் கரையேறியபோது பன்னிரண்டு லட்சம் பேர் இடம் பெயர்ந்திருந்தனர். யாத்திரிகர்களை வெளியேற்றப் பூரியிலிருந்து தனி வண்டிகள் விட்டோம். கடற்கரைப் பாதையின் வண்டிகளை நிறுத்தினோம். "விட்டோம்", "நிறுத்தினோம்" என்பது இலாகாப் பெருமையில் சொல்வது, அன்பர்கள் பொறுத்தருள்க.

பதினான்கு ஆண்டுகளில் ஒடிசா மக்கள் விஞ்ஞானம் கற்றுவிட்டார்களா? இல்லை. விஞ்ஞானம் முன்னேறிற்று, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே எச்சரிக்கை தனியாக வருவதில்லை. ஊரறிந்த ஒரு மனிதர் கதவைத் தட்டுகிறார். அவரோடு வண்டி வருகிறது. போகும் இடத்தில் தூண்கள்மேல் எழுப்பிய கெட்டிக் கட்டடம் இருக்கிறது. அங்கே சோறு இருக்கிறது. சில புகலிடங்களில் மாட்டைக் கட்டவும் இடம் உண்டு என்று சொல்கிறார்கள். புயல் வழிமாறிப் போய்விட்டாலும் அவனுக்கு நட்டம் ஓர் இரவுத் தூக்கம்தான். அடுத்த முறை கதவு தட்டப்படும்போது அவன் எழுந்து வருகிறான்.

மும்பைக்கு வருவோம். 2025 ஆகஸ்டு 18, 19 தேதிகளில் பெருமழை என்று சொன்னார்கள், அப்படியே பெய்தது. புறநகர் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. "வண்டி ஓடுமா?" என்று கேட்டவர்களுக்கு அன்று நாம் "ஓடாது" என்று சொல்ல வேண்டியிருந்தது. பலித்த அந்த இரண்டு நாட்களைப் பற்றி நம் சந்தில் ஒருவரும் வாய் திறந்து பாராட்டியதாக நினைவில்லை. பலிக்காத நாட்களின் பட்டியல் மட்டும் நம் வீட்டார் உட்பட எல்லாருக்கும் மனப்பாடம்.

இலாகாவைத் திருத்தும் சக்தி நமக்கு இல்லை. மாநகராட்சிக்குப் புத்தி சொல்லும் தகுதியும் இல்லை. ஆனால் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதற்கு மாடியில் ஒரு மண்டபமும் இருக்கிறது. ஆண்டு விழா, பொங்கல் விழா, இரண்டு திருமணங்கள் நீங்கலாக அது பூட்டியே கிடக்கிறது. ஆகவே சென்ற மாதச் செயற்குழுவில் நாம் ஒரு யோசனையை முன்வைத்தோம். சிவப்பு எச்சரிக்கை வரும் இரவில் மண்டபத்தைத் திறந்து வைப்பது. தாழ்ந்த பகுதிகளிலும் சரிவுகளிலும் இருக்கும் குடும்பங்களை நேரில் போய் அழைத்து வருவது. அண்ணாச்சியைப் போன்ற இட்லி வியாபாரிகளின் மறுநாள் சரக்கு முழுவதையும் சங்கமே விலை கொடுத்து வாங்கி, வந்தவர்களுக்குக் காலை உணவாக வழங்குவது. மாவுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தால் அவர் சைக்கிளை எடுக்கமாட்டார் என்று நம்புகிறோம். அவரிடமே கேட்டோம். "ரொக்கமா, கடனா தம்பி?" என்று கேட்டார். ரொக்கம் என்றோம். "அப்பம் சரி" என்றார்.

செயற்குழுவில் விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. சாவியை யார் வைத்திருப்பது என்பதில் முதலில் சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டு, பிறகு இரண்டு சாவிகள் செய்வதென முடிவாயிற்று. பொருளாளர் நெடுநேரம் கணக்குப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, மழை பெய்யாமற் போய்விட்டால் அவ்வளவு இட்லியையும் என்ன செய்வது?" என்று கேட்டார். "தின்பது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மையார் பதில் கூறினார். தீர்மானம் நிறைவேறியது. சட்னிச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது மட்டும் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.